ஏற்காடு வளைவில் ‘டக் டக்’: எந்தப் பட்டறையை நம்புவது?

2024 ஜூன் 8, காலை: வந்த கேள்வி

“சேலம் அழகாபுரத்தில் இருக்கிறேன். எட்டு வருஷம் ஓடிய பெட்ரோல் ஹேட்ச்பேக், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. முன்னாடி இடது பக்கம் ‘டக் டக்’ என்று சத்தம். பைபாஸில் ஒரு பெரிய பட்டறையில் காட்டினேன். ஓட்டிப் பார்க்காமலேயே ரெண்டு ஷாக் அப்சார்பர், ரெண்டு லோயர் ஆர்ம், ஸ்டியரிங் ரேக் எல்லாம் போச்சு, முப்பத்தெட்டாயிரம் ஆகும் என்றார்கள். இன்னொரு இடத்திலும் ஓட்டிப் பார்க்கவில்லை, ‘ஒண்ணுமில்லீங்க, தைரியமா ஓட்டுங்க’ என்கிறார்கள். அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு அடிக்கடி ஏற்காடு போக வேண்டியிருக்கிறது. யாரை நம்புவது? சேலத்தில் ஒழுங்கான மெக்கானிக்கே கிடையாதா அண்ணா?”

ஜூன் 8, மதியம்

இப்போதைக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம் தம்பி. முப்பத்தெட்டாயிரம் சொன்னவரும் ஓட்டிப் பார்க்கவில்லை, ஒன்றுமில்லை என்றவரும் ஓட்டிப் பார்க்கவில்லை. சத்தத்தைக் கேட்காமல் சொன்ன பதில் எதுவானாலும் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

சேலத்தில் நல்ல மெக்கானிக்கே கிடையாது என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். நிறையப் பேர் இருக்கிறார்கள். “முன்னாடி சத்தம் வருதுங்க” என்று மட்டும் சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தால் கெட்டிக்காரர்கூட யூகத்தில்தான் வேலை செய்வார். எந்த வேகத்தில் வருகிறது, எந்த மாதிரி ரோட்டில் வருகிறது, பிரேக் பிடிக்கும்போதா, ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதா என்பதை முதலில் நீங்கள் கண்டுபிடியுங்கள். அதுதான் பாதி வேலை.

முதலில் டிக்கியைக் காலி செய்யுங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பேனர், தண்ணீர் கேன் எல்லாவற்றையும் வீட்டில் இறக்கிவைத்துவிட்டு ஒரு சுற்று போய் வாருங்கள். ஸ்டெப்னியைப் பிடிக்கும் போல்ட் லூசாக இருந்ததற்கு, பின்பக்க ஷாக்கையே மாற்றிவிட்ட வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். முன்னாடி வரும் சத்தம் என்றாலும் இதைச் செய்யுங்கள். கார் பாடி முழுக்க இரும்புத் தகடு. பின்னால் தட்டுவது முன்னால் கேட்கும், இடது பக்கம் தட்டுவது வலது பக்கம் கேட்கும்.

அடுத்தது, ரோட்டின் முழு அகலத்துக்கும் போட்ட ஸ்பீட் பிரேக்கர் ஒன்றில் மெதுவாக நேராக ஏறி இறங்குங்கள். பிறகு இடது சக்கரம் மட்டும் இறங்குகிற மாதிரி ஒரு சின்னப் பள்ளத்தில் விடுங்கள். ஸ்பீட் பிரேக்கரில் சத்தம் இல்லாமல், ஒற்றைச் சக்கரப் பள்ளத்தில் மட்டும் ‘டக் டக்’ வந்தால் எனக்கு லிங்க் ராடு மேல்தான் சந்தேகம். இடது வலது இரண்டு சக்கரத்தையும் ஸ்டெபிலைசர் பார் என்று ஒரு கம்பி இணைக்கிறது. பட்டறையில் ஜம்பிங் ராடு என்பார்கள். இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கினால் அந்தக் கம்பி முறுக்கிக்கொள்ளாது, அதனால் அதன் நுனியில் இருக்கும் லிங்க் ராடுக்கும் வேலை இருக்காது. ஒரு சக்கரம் மட்டும் இறங்கும்போதுதான் முறுக்கு விழும். தேய்ந்த ஜாயின்ட் அப்போதுதான் தட்டும்.

இதை முடித்துவிட்டு எழுதுங்கள்.

ஜூன் 8, இரவு

மதியம் எழுதியதில் முக்கியமான ஒன்றைச் சேர்க்க வேண்டும். அப்பா அம்மாவோடு மலை ஏறுவதாகச் சொல்கிறீர்கள். சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கைதான் லோயர் ஆர்ம், அதன் நுனியில் இருக்கும் உருண்டை மூட்டுதான் பால் ஜாயின்ட். அந்தப் பால் ஜாயின்டை யாராவது ஒருவர் லீவர் போட்டுப் பார்க்கும்வரை மலைக்குப் போக வேண்டாம்.

மற்ற சத்தங்களில் பெரும்பாலானவை செலவு வைக்கும், தூக்கத்தைக் கெடுக்கும். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் அப்படியே மடிந்துவிடும். அடிவாரத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவு, உயரம் ஆயிரம் மீட்டருக்கு மேல் கூடுகிறது. அங்கே ஸ்டியரிங் பேச்சுக் கேட்காமல் போனால் தப்பிக்க இடம் கிடையாது.

பார்க்கும் முறை இதுதான். ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக இருப்பது) வைத்த முன் சஸ்பென்ஷனில், பாடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, கீழே ஸ்டாண்ட் வைத்துவிட்டு, சக்கரத்தைத் தொங்க விட வேண்டும். ஸ்பிரிங்கின் பாரம் அப்போது பால் ஜாயின்டில் இருக்காது. ஆர்முக்கும், சக்கரம் மாட்டியிருக்கும் நக்கிளுக்கும் நடுவில் லீவரைக் கொடுத்து மேலே நெம்பினால் ஆட்டம் இருக்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியே வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். உறை கிழிந்த ஜாயின்ட் இன்று ஆடாவிட்டாலும், மழைத் தண்ணீரும் மண்ணும் உள்ளே போனதும் சீக்கிரம் ஆடும்.

இதை எந்தத் தெருமுனைப் பட்டறையிலும் பத்து நிமிஷத்தில் பார்த்துவிடுவார்கள். ஜாக்கி மட்டும் போட்டு வைத்த வண்டிக்குக் கீழே நீங்களாகப் போய்ப் படுக்க வேண்டாம்.

ஜூன் 9, ஞாயிறு

இந்த விஷயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சொல்கிறேன்.

எனக்கு வீடு கன்னங்குறிச்சி, வேலை மலை மேல். போன வருஷம் வலது முன்பக்கம் ‘கட கட’ என்று ஒரு சத்தம் ஆரம்பித்தது. பளபளவென்று கண்ணாடி போட்ட ஒரு பட்டறையில் விட்டேன். காபி கொடுத்தார்கள், டிவி ஓடியது, வண்டி உள்ளே எங்கேயோ போயிற்று. சாயங்காலம் இரண்டு முன் ஷாக்கையும் மாற்றி பில் கொடுத்தார்கள். வெளியே வந்து முதல் பள்ளத்தில் இறங்கியதும் அதே ‘கட கட’. திரும்பிப் போனால், “புது ஷாக் செட் ஆகக் கொஞ்ச நாள் ஆகும் சார்” என்றார்கள். ஷாக் செட் ஆகும்வரை சத்தம் போடும் என்று உலகத்தில் எதுவும் கிடையாது. பழைய ஷாக்கைக் காட்டுங்கள் என்றேன், ஸ்கிராப்புக்குப் போய்விட்டது என்றார்கள். காலையில் கழற்றியது சாயங்காலத்துக்குள் ஸ்கிராப்புக்குப் போய்விட்டதாம்.

கோரிமேட்டுப் பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை. அங்கே இருப்பவர் வண்டியைத் தொடவே இல்லை. “நீங்க ஓட்டுங்க சார், நான் பின்னாடி உக்காந்துக்கறேன்” என்றார். அப்புறம் முன் சீட்டுக்கு மாறினார். சத்தம் வந்துகொண்டிருக்கும்போதே, “பிரேக்கை லேசா மட்டும் மிதிங்க, வண்டி நிக்கக் கூடாது” என்றார். மிதித்ததும் சத்தம் நின்றது. காலை எடுத்தால் மறுபடி ‘கட கட’. இன்னொரு முறை மிதிக்கச் சொன்னார், மறுபடி நின்றது. “ஷாக்கும் இல்ல, ஆர்மும் இல்ல. காலிப்பர் பின் தேஞ்சு ஆடுது” என்றார். சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிஸ்கைக் கவ்வும் பாகம்தான் காலிப்பர். பிரேக்கை லேசாக மிதிக்கும்போது அது டிஸ்கை இறுகப் பிடித்துக்கொள்ளும், ஆட இடம் இருக்காது, சத்தம் நிற்கும். காலிப்பர் பின்னையும் அதன் ரப்பர் உறையையும் மாற்றி, அதற்கென்று உள்ள கிரீஸ் வைத்துக் கொடுத்தார். ஷாக்குக்குக் கொடுத்த பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

தம்பி, இந்தப் பிரேக் சோதனையை நீங்களும் பின்னால் வண்டி வராத இடத்தில் செய்து பாருங்கள். காசு கிடையாது.

ஜூன் 11

ஓமலூரிலிருந்து டாக்ஸி ஓட்டுகிற ஒருவர் எழுதியிருக்கிறார். லிங்க் ராடு மேல் சந்தேகப்பட்டு, சத்தம் வரும் பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கி ஆட்டிப் பார்த்தாராம். கல்லு மாதிரி நின்றதாம். அதனால் நான் எட்டாம் தேதி சொன்னது சரியில்லை என்கிறார்.

தூக்கிய விதத்தில்தான் விஷயம். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் அந்தச் சக்கரம் கீழே தொங்கும், மறுபக்கம் தரையில் நிற்கும். ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு லிங்க் ராடை இழுத்துப் பிடித்திருக்கும். அந்த இழுப்பில் தேய்ந்த ஜாயின்ட்கூட ஆடாது. நான்கு சக்கரமும் தரையில் நிற்கும்போது ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்துவிட்டு, கையை உள்ளே விட்டு லிங்க் ராடைப் பிடித்து ஆட்டுங்கள். இல்லாவிட்டால் இரண்டு முன் சக்கரத்தையும் சேர்த்துத் தூக்குங்கள். இப்போது உள்ளங்கையில் ‘டிக்’ என்று தட்டுவது தெரியும்.

இன்னும் சந்தேகம் என்றால் இரண்டு பக்க லிங்க் ராடையும் கழற்றி, எதிலும் உரசாமல் கட்டிவைத்துவிட்டுத் தெருவில் மெதுவாக ஒரு சுற்று. சத்தம் போய்விட்டால் முடிந்தது. தெருவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அந்த நிலைமையில் வண்டி வளைவில் சாயும்.

ஜூன் 11, கொஞ்ச நேரம் கழித்து

சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்ப்பதைப் பற்றி அவரே இன்னொரு கேள்வி கேட்டார். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் வீல் பேரிங்காக இருக்கலாம், பால் ஜாயின்டாகவும் இருக்கலாம். ஒருவரைப் பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங், அப்படியே இருந்தால் பால் ஜாயின்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் என்றால், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டையும் ரேக் எண்டையும் பாருங்கள்.

ஜூன் 13

மலையில் சத்தம் கேட்பதற்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. ஒரு பக்கம் பாறைச் சுவர். சத்தம் அதில் பட்டுத் திரும்பி வரும். ரேடியோவை அணைத்து, பாறை இருக்கும் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாகப் போனால், சமவெளியில் காதில் விழாத சத்தமெல்லாம் விழும். பால் ஜாயின்ட் பார்த்து முடித்த வண்டிகளுக்கு மட்டும்தான் இதைச் சொல்கிறேன். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள். ஓட்டுகிறவர் ஓட்டட்டும். வளைவுக்கு எண் பலகை இருப்பதால் “ஏழாவது வளைவு, இடது திருப்பம், ‘டிக் டிக்’” என்று எழுதிவைத்தால் போதும், மெக்கானிக்குக் கொடுக்க அதைவிட நல்ல குறிப்பு இல்லை.

வளைவில் என்ன கேட்க வேண்டும்? ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஆக்சிலரேட்டர் கொடுத்து ஏறும்போது ‘டிக் டிக் டிக்’ என்று சக்கரம் சுற்றும் வேகத்தோடு சேர்ந்து வந்தால், என்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஆக்சில் தண்டின் வெளி ஜாயின்ட். அதன் ரப்பர் பூட் கிழிந்திருந்தால் ரிம்மின் உட்பக்கம் முழுக்கக் கறுப்புக் கிரீஸ் தெளித்திருக்கும், குனிந்து பார்த்தாலே தெரியும். வேகம் ஏற ஏற ‘ங்ங்’ என்று முழங்கி, இடது பக்கம் திரும்பும்போது அதிகமானால் வலது வீல் பேரிங்கை முதலில் பாருங்கள். திரும்பும்போது வண்டியின் பாரம் வெளிச் சக்கரத்துக்குப் போவதால் அப்படி. டயர் தாறுமாறாகத் தேய்ந்திருந்தாலும் கிட்டத்தட்ட இதே முழக்கம் வரும். முன் பின் டயரை மாற்றிப் போட்டுப் பார்க்காமல் பேரிங் வாங்காதீர்கள்.

இறங்கும்போது பிரேக் பிடித்ததும் ஒரே ஒரு ‘தொம்’, பிரேக்கை விட்டதும் இன்னொரு ‘தொம்’ என்றால் லோயர் ஆர்ம் புஷ், அதாவது ஆர்மைப் பாடியோடு இணைக்கும் இடத்து ரப்பர் வளையம். அதிலும் பின்பக்கத்துப் பெரிய புஷ். ரப்பர் கிழிந்திருக்கும், ஆர்ம் முன்னும் பின்னும் நகரும். ஆட்டத்தோடு வண்டி ஒரு பக்கம் இழுப்பதும் இருந்தால் கிட்டத்தட்ட நிச்சயம்.

ஜூன் 14

பட்டறைக்கு வருகிறேன். பலர் பெயர் கேட்கிறீர்கள். கோரிமேட்டுக்காரர் தனி ஆள், கூட ஒரு பையன். பெயரைப் பொதுவில் போட்டால் வண்டி குவிந்து அவர் வேலையே கெடும். எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்கிறேன்.

விசாரிக்க இரண்டு இடம். ஒன்று, ஏற்காடு போய் வரும் டாக்ஸி டிரைவர்கள். அவர்களுக்கு வண்டி நின்றால் சோறு இல்லை, வெட்டியாகப் பணம் கொடுக்கவும் முடியாது. ஒரே மெக்கானிக்கிடம் வருஷக்கணக்காகப் போகிற டிரைவர் யாராவது இருப்பார், அவரைப் பிடியுங்கள். இரண்டாவது, ஸ்பேர்ஸ் கடைக் கவுன்டர். எந்தப் பட்டறைக்காரர் ஒரிஜினல் கேட்டு வாங்குகிறார், யார் டூப்ளிகேட் வாங்கி ஒரிஜினல் விலைக்கு பில் கேட்கிறார் என்று கவுன்டரில் நிற்பவருக்குத் தெரியும். நேராகக் கேட்டால் சொல்ல மாட்டார். “அண்ணா, உங்க சொந்த வண்டிய எங்க விடுவீங்க?” என்று கேளுங்கள்.

அங்கே போனதும் நான் பார்ப்பது, அவர் முதலில் என்ன செய்கிறார் என்பதை. உங்களோடு ஓட்டிப் பார்க்கிறாரா? ஆட்டம் இருப்பதை உங்களைக் கூப்பிட்டுக் கண்ணில் காட்டுகிறாரா? “இதை மாத்தினாப் போகும்னு நினைக்கறேன், போகலன்னா அடுத்தது பார்க்கலாம்” என்று ஒவ்வொன்றாகப் போகிறாரா? எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் சத்தம் போய்விடும்தான். எதனால் வந்தது என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. பணம் போனது மட்டும் தெரியும்.

இன்னொன்று. இதை வைத்து நான் பட்டறைகளை எடை போடுகிறேன். லோயர் ஆர்ம், புஷ் மாற்றும்போது கடைசி முறுக்கு எங்கே நடக்கிறது என்று பாருங்கள். கோரிமேட்டில் ஒரு நாள் என் வண்டிக்கு ஆர்ம் புஷ் போட்டார்கள். பையன் வண்டி ஜாக்கியில் இருக்கும்போதே ஸ்பேனரை எடுத்தான். பெரியவர் வேறு வண்டிக்கடியில் படுத்திருந்தவர் அங்கிருந்தே, “டேய், கையால மட்டும் சேத்து வை. எறக்கிட்டு முறுக்கு” என்று சத்தம் போட்டார். வண்டியை இறக்கி, இரண்டு பேர் பானெட்டை அமுக்கி அமுக்கி விட்டு, வண்டி தன் உயரத்தில் உட்கார்ந்த பிறகு பள்ளத்தில் இறங்கி முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரென்ச் வைத்து முறுக்கினார். ரப்பர் புஷ்ஷின் நடுக் குழாய் போல்ட்டோடு இறுகிவிடும், வெளி வளையம் ஆர்மோடு நகரும், நடுவில் ரப்பர்தான் முறுக்கிக் கொடுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது இறுக்கிவிட்டால், வண்டியைக் கீழே வைத்த நொடியிலிருந்து அந்த ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். புது புஷ் சீக்கிரமே கிழியும். வண்டிக்காரர் “பார்ட்ஸ் சரியில்லை” என்பார். இறக்கி முறுக்குவதற்கு ஆகும் நேரத்துக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. கேட்காமலே அதைச் செய்கிறவரிடம் வண்டியை விட்டுவிட்டு நான் தைரியமாக வீட்டுக்குப் போவேன்.

பழைய பார்ட்டைக் கேட்டு வாங்குங்கள். வேலைக்கு முன்னாலேயே கேட்டுவிட வேண்டும். ஆர்ம், டை ராடு எண்ட் மாற்றினால் வீல் அலைன்மென்ட் கட்டாயம், ஸ்ட்ரட் கழற்றினாலும் பார்த்துவிடுவது நல்லது. பக்கத்தில் செய்தால் ரிப்போர்ட் தாளையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜூன் 14, இரவு

கம்பெனி சர்வீஸ் சென்டரை நான் திட்டுவதாக ஒருவருக்குப் பட்டிருக்கிறது. அப்படி எழுதவில்லை. அங்கே ஒரு புஷ்ஷுக்குப் பதில் ஆர்மையே முழுசாக மாற்றுவது பல மாடல்களில் நடைமுறை, தனி புஷ் பார்ட் நம்பரே இருக்காது. வாரன்டி ஓடும் வண்டியென்றால் முதலில் அங்கேதான் போக வேண்டும், இலவசமாகக் கிடைப்பதை விட வேண்டாம்.

ஆனால் “வெளியே ஒரு ஸ்குரூ கழற்றினாலும் வாரன்டி மொத்தமும் போய்விடும்” என்று பயமுறுத்தினால் அப்படியே நம்பிவிடாதீர்கள். உதிரி பாகத்தையும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் வைத்திருந்ததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. வெளியே வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரன்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது என்பதும் அந்த உத்தரவில் இருந்தது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனது வேறு கதை. வெளி ஆள் போட்ட பார்ட்டால் கெட்டுப் போனதற்கு வாரன்டி கேட்க முடியாது, அது நியாயம்.

ஜூன் 16

ஸ்பீட் பிரேக்கர் பற்றிக் கோபமாக ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் கோபம் சரி. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-இல் போட்ட ஐஆர்சி 99 விதி, வண்டி 25 கிலோமீட்டர் வேகத்தில் தாண்டுவதற்கான மேடு 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும் என்றது. நம் தெருக்களில் ஊர்க்காரர்களே போட்டுக்கொள்வது ஒரு முழ அகலத்தில் செங்குத்தாக நிற்கிறது. சக்கரம் ஏறி இறங்க நேரமே கிடைக்காமல், சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போது தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் வரை இடிக்கிறது. லோயர் ஆர்மும், ஸ்ட்ரட்டின் மேல்முனையைப் பாடியோடு பிடிக்கும் ஸ்ட்ரட் மவுண்ட்டும் இப்படித்தான் சீக்கிரம் போகின்றன.

அம்பாசடர் காலத்தில் இத்தனை சத்தம் இல்லையே என்று ஒரு பெரியவர் கேட்கிறார். ஐயா, அதில் முன்னால் ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்கிக் கொடுக்கும் டார்ஷன் பார் கம்பி, பின்னால் ஸ்பிரிங் பட்டை. அமைப்பே வேறு. கிரீஸ் கன் பிடித்து அடிக்க நிப்பிள் இருந்தது. இன்றைய சின்ன வண்டிகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் முன்னால் மெக்பெர்சன் ஸ்ட்ரட். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-லேயே அதுதான். ஷாக், ஸ்பிரிங், ஸ்டியரிங் திரும்பும் அச்சு மூன்றும் ஒரே தூணில். விலையும் இடமும் மிச்சம். ஜாயின்ட் எல்லாம் மூடி சீல் செய்தவை, தேய்ந்தால் கிரீஸ் அடிக்க வழியில்லை, மாற்றத்தான் வேண்டும். சத்தத்தை அந்தக் காலத்து என்ஜின் இரைச்சல் மறைத்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஜூன் 18

அழகாபுரம் தம்பி எழுதிவிட்டார். பால் ஜாயின்ட் இரண்டு பக்கமும் நன்றாக இருக்கிறது. ஸ்டியரிங் ரேக்கிலும் ஆட்டமே இல்லை. ஸ்பீட் பிரேக்கரில் சத்தம் இல்லை, இடது பள்ளத்தில் சத்தம். லிங்க் ராடுதான். அவர் தெருவிலேயே ஒரு பட்டறையில் மாற்றியிருக்கிறார், பெரிய சத்தம் போய்விட்டது. இப்போது வண்டியை நிறுத்தி எடுக்கும்போது, ஸ்டியரிங்கை ஒடித்தால் ‘டங்’ என்று ஒரு சத்தம் மட்டும் மிச்சம்.

அது முன்னாலேயே இருந்திருக்கும் தம்பி, பெரிய சத்தம் அடங்கிய பிறகுதான் காதில் விழுகிறது. என்ஜினை ஓட விட்டு, நண்பரை ஸ்டியரிங்கை மெதுவாக ஒடிக்கச் சொல்லுங்கள். சக்கரத்துக்கு மேலே காயில் ஸ்பிரிங்கில் உள்ளங்கையை லேசாக வையுங்கள், ஸ்பிரிங் சுருளுக்கு நடுவில் விரல் போகக் கூடாது. ஸ்பிரிங் சீராகத் திரும்பினால் சரி. கொஞ்ச தூரம் திரும்பாமல் நின்று, பிறகு ‘டங்’ என்று துள்ளினால் ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங் இறுகிவிட்டது.

இடது லிங்க் ராடை மட்டும் மாற்றியது போதுமா என்றும் கேட்டிருக்கிறார். ஷாக் என்றால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்பேன், ஒரு பக்கம் புதுசு ஒரு பக்கம் பழசு என்றால் பிரேக்கிலும் வளைவிலும் வண்டி ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. லிங்க் ராடுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. என் கை என்னவோ இரண்டையும் மாற்றத்தான் சொல்கிறது. இரண்டும் ஒரே ரோட்டில் ஓடியவை, விலையும் பெரிசில்லை. அடுத்த மாதம் வலது பக்கத்தில் இதே கதையைப் படிக்க வேண்டாம்.

ஜூன் 20

மவுண்ட் பேரிங்தான் என்று உறுதியாகிவிட்டதாம். ஸ்ட்ரட்டைக் கழற்றும்போதே ஷாக்கில் எண்ணெய் ஒழுகியிருக்கிறதா பார்க்கச் சொன்னேன். லேசாக ஈரம் பூத்து தூசி ஒட்டியிருந்தது, சொட்டவில்லை. அப்படியென்றால் ஷாக் இன்னும் ஓடும். மவுண்ட் இரண்டு, லிங்க் ராடு இரண்டு, கூலி, அலைன்மென்ட் எல்லாம் சேர்த்தும் முதலில் சொன்ன முப்பத்தெட்டாயிரத்தில் கால் பங்கைத் தொடவில்லை.

ஸ்பிரிங்கைக் கழற்றும்போது மட்டும் கம்ப்ரஸர் போட்டு அமுக்கித்தான் கழற்ற வேண்டும். கம்பியைக் கட்டி, கயிறு கட்டிக் கழற்றுகிற பட்டறையென்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். விடுபட்ட ஸ்பிரிங் ஆளையே கொல்லும். அந்தப் பையன்களின் உயிரை வைத்து நாம் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

ஜூன் 21

ஆத்தூர்க்காரர் கதை வேறு மாதிரி. ரேக் மாற்றியதாக பில், ஆனால் வண்டியில் இருப்பது பழைய ரேக். கேட்டால் மிரட்டுகிறார்கள்.

பில் கையில் இருப்பதால் வழி இருக்கிறது. முதலில் வேறொரு மெக்கானிக்கை வைத்து ரேக்கைத் தெளிவாகப் போட்டோ எடுங்கள், அவரிடம் ஒரு குறிப்பும் எழுதி வாங்குங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள், பல விஷயம் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், பட்டறைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம்வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் கொடுத்தாக வேண்டும். ஜிஎஸ்டி இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்று துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

ஜூன் 24

மஞ்சக்குட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர்: மலையில் காலைக் குளிரில் வண்டியை எடுத்தால் ‘கிறீச் கிறீச்’ என்று பழைய கட்டில் மாதிரி கத்துகிறது, சேலம் இறங்கினால் நின்றுவிடுகிறது.

குளிரில் ரப்பர் புஷ் இறுகும், சூடேறினால் தளரும். முதலில் ஸ்டெபிலைசர் பார் புஷ்ஷைப் பாருங்கள், அப்புறம் ஆர்ம் புஷ். ஒரு பாட்டில் தண்ணீரை ஒவ்வொரு புஷ்ஷாக ஊற்றி, ஒவ்வொன்றுக்கும் பிறகு வண்டியை அமுக்கிப் பாருங்கள். எதில் ஊற்றியதும் கத்தல் நிற்கிறதோ அதுதான். காய்ந்ததும் மறுபடி கத்தும், கண்டுபிடிக்க அது போதும். ரப்பர் வெடிக்காமல் இருந்தால் ஸ்டெபிலைசர் புஷ்ஷைக் கழற்றி சுத்தம் செய்து சிலிகான் கிரீஸ் வைத்துப் போடலாம். வெடித்திருந்தால் மாற்றுங்கள், விலை குறைந்த சாமான்தான்.

வாட்டர் சர்வீஸ் முடித்ததும் அடியில் டீசலோ பழைய என்ஜின் ஆயிலோ அடித்துவிடுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. அன்றைக்குச் சத்தம் நிற்கும். ரப்பர் எண்ணெயைக் குடித்து ஊறிப் பெருத்து, கொஞ்ச நாளில் பிசுபிசுவென்று உதிரும். சாவியைக் கொடுக்கும்போதே “அடியில் எதுவும் அடிக்க வேண்டாம், தண்ணி மட்டும் போதும்” என்று சொல்லிவிட்டு, முடியும்வரை பக்கத்தில் நில்லுங்கள்.